கரண்ட் இல்லாத வயல்ல கேரவன் பேட்டரி: உங்க கேள்விகளும் என் பதிலும்

போன இதழ்ல ஹூக்-அப் இல்லாத இடத்துக்கு கேரவன் எடுத்துட்டு போறத பத்தி அரை பக்கம் எழுதியிருந்தேன், அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு நினைக்கல. ஹூக்-அப்னா தெரியாதவங்களுக்கு ஒரு வரி: இங்க இங்கிலாந்துல கேம்ப் சைட்ல ஒரு நீல கலர் 16 ஆம்பியர் சாக்கெட் இருக்கும், அதுல நீளமான ஆரஞ்சு கேபிள போட்டு கேரவனோட இணைச்சிட்டா வீட்டுல இருக்கற அதே 230 வோல்ட் உள்ள வந்துடும், பேட்டரியும் தானா சார்ஜ் ஆயிட்டே இருக்கும். அந்த சாக்கெட் இல்லைன்னா உங்க கிட்ட இருக்கறது ஒரு 12 வோல்ட் லெஷர் பேட்டரி மட்டும்தான். வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே மாதிரி இருந்துச்சு, அதனால சிலத மட்டும் எடுத்துக்கிட்டேன், பேர் போடல, ஊர் மட்டும்.

கேள்வி: அண்ணா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு நாலு பெர்த் கேரவன் வாங்கியிருக்கோம். ஆகஸ்ட்ல வேல்ஸ்ல பெம்ப்ரோக்ஷயர் பக்கம் ஒரு பண்ணைல அஞ்சு ராத்திரி புக் பண்ணியிருக்கோம், தண்ணி குழாய் இருக்கு கரண்ட் இல்லைன்னு சொல்லிட்டாங்க. பேட்டரி 110 ஆம்பியர் ஹவர், போன வருஷம்தான் மாத்தினதாம். நாங்க ரெண்டு பேர், பசங்க ரெண்டு. லைட், தண்ணி பம்ப், சின்ன டிவி, நாலு போன். அஞ்சு நாள் தாங்குமா? இல்ல சோலார் பேனல் வாங்கியே ஆகணுமா? மிக்ஸி ஓட்டலாமான்னு வீட்டுல கேக்கறாங்க. (ஸ்லௌ)

பதில்: பண்ணைன்னு சொல்றத பாத்தா அது சி.எல். மாதிரி இடமா இருக்கும்னு நினைக்கறேன், கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப் மெம்பர்களுக்குன்னு வச்சிருக்கற அஞ்சே அஞ்சு கேரவன் நிக்கற சின்ன வயல், 1960 சட்டத்துல இருக்கற விலக்க வச்சு நடக்கறது. நல்ல இடங்க, சத்தமே இருக்காது, ஆனா கரண்ட் பல இடத்துல கிடையாது.

எல்லாரும் எப்படி சார்ஜ் ஏத்தறதுன்னுதான் கேக்கறாங்க, ஒரு நாளைக்கு எவ்ளோ எடுக்கறோம்னு யாரும் கணக்கு போடறதில்ல. ஒரு பேப்பர் எடுங்க, மளிகை லிஸ்ட் மாதிரிதான்.

ஆம்பியர் ஹவர்னா ஒரு ஆம்பியர ஒரு மணி நேரம் எடுக்கற அளவு. 110ன்னு எழுதியிருந்தா 110 உங்களுக்கு இல்ல. லெட் ஆசிட் பேட்டரிய பாதிக்கு கீழ இறக்கினா அதோட ஆயுசு குறையும், அதனால கைல இருக்கறது 55ன்னு வச்சுக்கோங்க. இப்ப செலவு. எல்.இ.டி. லைட் ஒண்ணு 0.2 ஆம்பியர் எடுக்கும், ஆறு லைட் நாலு மணி நேரம் எரிஞ்சா 5 ஆம்பியர் ஹவர். பம்ப் ஓடும்போது 4, 5 ஆம்பியர் இழுக்கும் ஆனா நாள் முழுக்க சேர்த்தாலும் இருபது நிமிஷம்தான் ஓடும், ஒண்ணரை. டிவி 2.5 ஆம்பியர், ரெண்டு மணி நேரம், 5. போன் ஒண்ணுக்கு ஒண்ணே முக்கால் வரைக்கும் போகும், நாலு போனுக்கு 7, இத பாத்துதான் நிறைய பேர் ஆச்சரியப்படுவாங்க, லைட்ட விட போன் அதிகம். அப்புறம் கன்ட்ரோல் பேனல், ஃப்ரிட்ஜ் போர்டு, அலாரம்னு கண்ணுக்கே தெரியாம 24 மணி நேரமும் சொட்டு சொட்டா போறது ஒரு 4. மொத்தம் 22.5.

55ல ஒரு நாளைக்கு 22.5 எடுத்தா ரெண்டரை நாள் கூட வராது. மூணாவது ராத்திரி இருட்டு.

ஆனா அதே பேப்பர்ல டிவிய அடிச்சிடுங்க (பெம்ப்ரோக்ஷயர் கடற்கரைய வச்சுக்கிட்டு டிவி எதுக்குங்க), போன் எல்லாம் பீச்சுக்கு கார்ல போகும்போது வரும்போது கார்லயே சார்ஜ் போட்டுக்கோங்க. மிச்சம் இருக்கறது 10.5. அஞ்சு நாளைக்கு 52.5. ஒரு பைசா செலவு இல்லாம அஞ்சு நாள் ஓட்டியாச்சு. கத்திமேல நடக்கற மாதிரிதான் இருக்கு, ராத்திரி குளிரி ஹீட்டர் ஃபேன் ஓட்டினா (மணிக்கு ஒண்ணேகால் ஆம்பியர் பக்கம்) இடிக்கும், அதுக்கு ஒரு 100 வாட் மடிக்கற சோலார் பேனல் கடன் கிடைச்சாலும் போதும், ஆகஸ்ட்ல நாளைக்கு 20 ஆம்பியர் ஹவர் கிட்ட ஏத்திடும், டிவியும் பாக்கலாம்.

இதெல்லாம் வீட்டுல இருந்து கிளம்பும்போது பேட்டரி ஃபுல்லா இருந்தாதான். முந்தின நாள் ராத்திரி முழுக்க, முடிஞ்சா ரெண்டு ராத்திரி, வீட்டு சாக்கெட்ல அந்த நீல பிளக் அடாப்டர் போட்டு சார்ஜ்ல விடுங்க, எக்ஸ்டென்ஷன் ரீல் யூஸ் பண்ணா முழுசா பிரிச்சு போடுங்க, சுத்தி வச்சபடியே ஓட்டினா ரீல் சூடாகி உருகும். காலைல பிளக்க பிடுங்கி ரெண்டு மூணு மணி நேரம் எதுவும் ஓட்டாம விட்டுட்டு மல்டிமீட்டர்ல பாருங்க. 12.7 இருந்தா ஃபுல். 12.5 முக்காலுக்கு மேல. 12.2 பாதி, அங்க நிப்பாட்டிக்கணும். 12.0 கால்வாசி. சார்ஜர்ல இருந்து எடுத்த உடனே பாத்தா 13 சொச்சம் காட்டும், அத நம்பி சந்தோஷப்படாதீங்க, அது மேலோட்டமா நிக்கற வோல்டேஜ், காபி மேல நுரை மாதிரி.

மிக்ஸிக்கு வருவோம். 500 வாட் மிக்ஸிய இன்வெர்ட்டர்ல ஓட்டினா பேட்டரில இருந்து 50 ஆம்பியர் கிட்ட இழுக்கும், கேக்க பயமா இருக்கும் ஆனா மூணு நிமிஷம் தானே, கணக்கு போட்டா 2.5 ஆம்பியர் ஹவர்தான், ரெண்டு மணி நேரம் டிவி பாக்கறதுல பாதி. பிரச்சனை அளவு இல்ல, இழுக்கற வேகம். சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகற குட்டி இன்வெர்ட்டர் 150 வாட்டுக்கு மேல தாங்காது. 1000 வாட்டுக்கு மேல உள்ள ப்யூர் சைன் இன்வெர்ட்டர், பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள்ள, தடி கேபிள், நடுவுல ஃப்யூஸ், இவ்ளோ வேணும் ஒரு சட்னிக்கு. வீட்டுல இட்லிப் பொடி இருக்குமே.

ரைஸ் குக்கர் மட்டும் வேண்டாம். 500 வாட் அரை மணி நேரம்னா 25 ஆம்பியர் ஹவர் கிட்ட போயிடும். ஒரு வேளை சாதத்துக்கு உங்க ரெண்டு நாள் லைட் பம்ப் எல்லாம் காலி. கேஸ் அடுப்புல ப்ரெஷர் குக்கர் வைங்க.

கேள்வி: வணக்கம் அண்ணை. நாங்கள் போன வருசம் ஒரு கேரவன் வாங்கினனாங்கள். ஹரோவிலை இருந்து கோர்ன்வோல் போய்ச் சேர ஆறு மணித்தியாலம் எடுத்தது. கார் ஓடேக்கை பற்றறி சார்ஜ் ஏறும் எண்டுதானே எல்லாரும் சொல்லுகினம், ஆனா அங்கை போய்ப் பாத்தா 12.3 தான் காட்டுது, வெளிக்கிடேக்கையும் அதுதான் காட்டினது. கார் 2019 டீசல். பழுது பற்றறியிலையோ, காரிலையோ, கேரவனிலையோ? (ஹரோ)

பதில்: மூணுலயும் பழுது இல்லாமலே இப்படி ஆகலாம், அதான் இதுல வேடிக்கை.

கார்ல இருந்து கேரவனுக்கு போற 13 பின் பிளக்க எடுத்து பாருங்க. அதுல முதல் எட்டு பின் லைட்டுக்கு. 9ம் நம்பர் பின் எப்பவும் 12 வோல்ட் இருக்கற பின், அதோட எர்த் 13. பத்தாம் நம்பர் இஞ்சின் ஓடும்போது மட்டும் உயிர் வர்ற பின், ஃப்ரிட்ஜுக்கு, அதோட எர்த் 11. இஞ்சின் ஸ்டார்ட் ஆகி 10ல கரண்ட் வந்ததும் கேரவனுக்குள்ள ஒரு ரிலே டக்குனு மாறி 9ல வர்ற கரண்ட்ட பேட்டரிக்கு அனுப்பும். இதுதான் வழி. இப்ப விஷயம் என்னன்னா டோ பார் (கேரவன இழுக்க கார் பின்னாடி மாட்டற கொக்கி) போடறப்ப சில பேர் காசு மிச்சம் பிடிக்க லைட் மட்டும் வயர் பண்ணிட்டு விட்டுடுவாங்க, சாக்கெட் பாக்க 13 பின்தான், ஆனா 9லயும் 10லயும் ஒண்ணும் வராது. சைக்கிள் ரேக்குக்கும் சின்ன டிரெய்லருக்கும் அது போதும், கேரவனுக்கு போதாது.

செக் பண்றது சுலபம். கேரவன் பேட்டரி மேல மல்டிமீட்டர வைங்க, கார் ஆஃப், நம்பர குறிச்சுக்கோங்க. பிளக்க மாட்டி இஞ்சின ஸ்டார்ட் பண்ண சொல்லுங்க. மீட்டர் 12.3ல இருந்து 13.5க்கு மேல ஏறணும். அசையவே இல்லைன்னா வயரிங், இல்ல ஒரு ஃப்யூஸ். கார் சாக்கெட்டிலேயே நேரா மீட்டர் வச்சும் பாக்கலாம், ஆனா பின் பக்கத்துல பக்கத்துல இருக்கு, கைய நடுங்காம வைங்க, தவிர சில கார் பின்னாடி கேரவன் மாட்டியிருக்குன்னு தெரிஞ்சாதான் அந்த பின்னுக்கு கரண்டே விடும், சும்மா சாக்கெட்ல பாத்துட்டு பழுதுன்னு முடிவு கட்டிடாதீங்க.

மீட்டர் முதல்ல ஏறிட்டு கொஞ்ச நேரத்துல திரும்ப 12.6, 12.7க்கு இறங்கி நிக்குதுன்னா அது வேற கதை, உங்க கார் 2019ங்கறதால எனக்கு இதுதான் சந்தேகம். ஆல்டர்னேட்டர்னா இஞ்சின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கறது, புது டீசல் கார்ல இருக்கறது ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர். டீசல் மிச்சம் பண்ணணும், புகை குறையணும்னு கார் பேட்டரி நிறைஞ்ச உடனே வோல்டேஜ குறைச்சிடும், பிரேக் பிடிக்கும்போது மட்டும் 15 வரைக்கும் ஏத்தி வாங்கிக்கும். மோட்டார்வேல மூணு மணி நேரம் பிரேக்கே தொடாம போறீங்க, உங்க கேரவன் பேட்டரிக்கு ஒண்ணும் வராது. பழைய கார்ல கூட, அவ்ளோ நீள மெல்லிசான வயர்ல வோல்டேஜ் வழியிலேயே கொஞ்சம் விழுந்து, பின்னாடி போய் சேர்றது ஏழு எட்டு ஆம்பியர்தான், பேட்டரி நிறைய நிறைய அதுவும் குறையும்.

இதுக்கு மருந்து பேட்டரி டு பேட்டரி சார்ஜர், டி.சி. டு டி.சி.ன்னும் சொல்லுவாங்க. கார்ல இருந்து என்ன வோல்டேஜ் வந்தாலும் வாங்கி தானே 14.4க்கு ஏத்தி கேரவன் பேட்டரிக்கு குடுக்கும். வாங்கும்போது 30 ஆம்பியர், 40 ஆம்பியர்னு பெருசா பாத்து வாங்கிடாதீங்க, அது மோட்டார்ஹோம்காரங்களுக்கு, 13 பின் வழியா வர்ற வயரும் ஃப்யூஸும் அவ்ளோ தாங்காது. கேரவனுக்குன்னு குறைச்ச ஆம்பியர்ல இருக்கறத கேளுங்க. அப்படி ஒண்ணு போட்டுட்டா ஆறு மணி நேர ஓட்டத்துல பாதி காலியான பேட்டரி நிறைஞ்சு போய் சேரும்.

இன்னொண்ணு, கிளம்பும்போதே 12.3ன்னு எழுதியிருக்கீங்க. அது பாதிக்கு சும்மா மேல. வீட்டுலயே நிரப்பிட்டு போயிருக்கலாமே.

கேள்வி: போன இதழ்ல "100 வாட் பேனல் ஒரு நாளைக்கு 30 ஆம்பியர் ஹவர் தரும்"னு எழுதியிருந்தீங்க. நாங்க அக்டோபர் ஸ்கூல் லீவுல ஹைலேண்ட்ஸ் பக்கம் போனோம். கூரை மேல 100 வாட், நல்ல பேனல்தான், நாலு நாள்ல ஒரு நாள் கூட 8ஐ தாண்டல. எங்க கணக்க எங்க போய் கேக்கறது? (அபெர்டீன்)

பதில்: என்கிட்டதான் கேக்கணும், தப்பு என்னோடது. 30ன்னு நான் எழுதினது ஜூன்ல, தெற்கு இங்கிலாந்துல, மேகம் இல்லாத நாளைக்கு. அந்த மூணு வார்த்தையும் பக்கத்துல இடம் இல்லன்னு வெட்டிட்டேன், வெட்டினதுல உயிர் போயிடுச்சு.

நம்ம ஊர்ல சூரியன் உச்சந்தலைல நிக்கும், அந்த பழக்கத்துல இங்க கணக்கு போடறோம். லண்டன்ல ஜூன் மத்தியானம் சூரியன் 62 டிகிரி உயரத்துல நிக்கும், டிசம்பர்ல அதே மத்தியானம் 15 டிகிரி. அபெர்டீன்ல டிசம்பர்ல 10 டிகிரி கூட இல்ல, எதிர் வீட்டு கூரைய தாண்டி வராது. கூரைல படுத்து கிடக்கற பேனல் மேல அந்த வெயில் சறுக்கிட்டு போகும், விழாது. நாளும் சின்னது, லண்டன்லயே ஜூன்ல பதினாறரை மணி நேர வெளிச்சம், டிசம்பர்ல எட்டு கூட வராது. அக்டோபர்ல உங்களுக்கு 8 கிடைச்சதே பரவால்ல.

குளிர்காலத்துல போறவங்க கூரை பேனல நம்பாதீங்க, மடிக்கற பேனல் வாங்கி தரைல நிமிர்த்தி தெற்கு பாத்து வைங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் திருப்பி வைங்க. படுத்து கிடக்கறத விட நிமிர்ந்து நிக்கறது குளிர்காலத்துல ரெண்டு மடங்குக்கு மேல கூட தரும். அதுக்குன்னு திருட்டு பயமும் உண்டு, சைக்கிள் செயின் போட்டு வைக்கறவங்கள பாத்திருக்கேன்.

நிழல் பத்தி தனியா சொல்லணும். நியூ ஃபாரஸ்ட்ல ஒரு தடவை பெரிய ஓக் மரத்துக்கு கீழ இடம் கிடைச்சுது, என்ன குளுகுளுன்னு இருக்குன்னு சந்தோஷமா நிறுத்தினோம். கன்ட்ரோலர்ல (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவுல சார்ஜ கட்டுப்படுத்தற பெட்டி) பாத்தா 0.3 ஆம்பியர். நான் ஏணி போட்டு ஏறி (கேரவன் கூரை மேல கால் வைக்க கூடாது, ஏணியில நின்னுதான்) இலைய எல்லாம் பெருக்கி தள்ளினேன், 0.3 அப்படியே இருந்துச்சு. பேனல்ல இருக்கற செல் எல்லாம் வரிசையா கோத்தது, ஒரு ஓரத்துல ஒரு கிளையோட நிழல் விழுந்தாலும் அந்த வரிசையே அடைச்சுக்கும், பத்துல ஒரு பங்கு நிழல்னா பத்துல ஒரு பங்கு குறையும்னு நினைக்காதீங்க, பாதிக்கு மேல போயிடும். வண்டிய பத்து அடி முன்னாடி நகர்த்தினதும் 4.1. ஆன்டெனா நிழல், கூரை ஜன்னல் மூடி நிழல், காக்கா எச்சம், எல்லாமே இதே வேலைய செய்யும்.

கன்ட்ரோலர் வாங்கறப்ப ரெண்டு வகை இருக்கும், பி.டபிள்யூ.எம். விலை கம்மி, எம்.பி.பி.டி. விலை கூட. 100 வாட் பேனல் 18 வோல்ட்ல அஞ்சரை ஆம்பியர் தரும், பி.டபிள்யூ.எம். அந்த அஞ்சரை ஆம்பியர அப்படியே 12.8 வோல்ட் பேட்டரிக்கு தள்ளும், பெருக்கி பாருங்க 70 வாட், மிச்சம் 30 காத்துல. எம்.பி.பி.டி. அந்த வோல்டேஜ ஆம்பியரா மாத்தி குடுத்துடும். 100 வாட்டுக்கு மேல போடறவங்க எம்.பி.பி.டி.யே போடுங்க. மாட்டறப்ப முதல்ல பேட்டரிய கன்ட்ரோலர்ல மாட்டுங்க, அப்புறம்தான் பேனல். கழட்டறப்ப தலைகீழ. பேட்டரி பக்கத்துல ஃப்யூஸ்.

கேள்வி: ஃப்ரிட்ஜ ராத்திரி 12 வோல்ட்ல விடலாமா? (லெஸ்டர்)

பதில்: கூடாது. கேரவன் ஃப்ரிட்ஜ் மூணு விதத்துல ஓடும், 230 வோல்ட், 12 வோல்ட், கேஸ். 12 வோல்ட்ல 10 ஆம்பியருக்கு மேல இழுக்கும், அது வண்டி ஓடும்போது மட்டும் கார் ஆல்டர்னேட்டர்ல இருந்து எடுத்துக்கறதுக்காக வச்சது. நின்ன உடனே கேஸுக்கு மாத்துங்க. ஒழுங்கா வயர் பண்ண கார்ல இஞ்சின் நின்னதும் அந்த சப்ளை தானா கட் ஆகும், 12லயே விட்டா ஃப்ரிட்ஜ் சும்மா சூடாகும், அவ்ளோதான்.

என் பழைய கார்ல வயர் பண்ணவர் அத எப்பவும் கரண்ட் வர்ற மாதிரி மாட்டியிருந்தார், எனக்கு தெரியாது. பீக் டிஸ்ட்ரிக்ட்ல ஒரு பண்ணைக்கு ராத்திரி பத்து மணிக்கு போய் சேர்ந்தோம், மழை, கார கழட்ட சோம்பேறித்தனம், பிளக்க கூட பிடுங்காம படுத்துட்டோம். காலைல கேரவன்ல லைட் எல்லாம் ஜோரா எரியுது, ஃப்ரிட்ஜ்ல இறால் ஜில்லுன்னு இருக்கு, கார் மட்டும் டிக்குனு ஒரு சத்தத்தோட சரி. பண்ணைக்காரர் டிராக்டர் கொண்டு வந்து ஜம்ப் குடுத்தார். சிரிச்சுக்கிட்டேதான் குடுத்தார்.

கேள்வி: சார், ஜெனரேட்டர் வாங்கலாமா, இல்ல கார் இஞ்சின அரை மணி நேரம் சும்மா ஓட விட்டா போதுமா? மழை வந்தா ஜெனரேட்டர ஆனிங்குக்குள்ள (கேரவன் பக்கத்துல மாட்டற கூடாரம்) வச்சுக்கலாமா? (பர்மிங்ஹாம்)

பதில்: கடைசி கேள்விக்கு முதல்ல பதில். வைக்கவே கூடாது. ஆனிங்குக்குள்ள, கேரவனுக்கு கீழ, ஜன்னல் பக்கம், எங்கயும் கூடாது. பெட்ரோல் ஜெனரேட்டர்ல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்ல, நிறம் இல்ல, தூக்கத்துலயே ஆள கொண்டு போயிடும். கேரவன்ல சி.ஓ. அலாரம் இருக்கான்னு இன்னிக்கே பாருங்க, பட்டன அமுக்கி சத்தம் வருதான்னும் பாருங்க. டிஸ்போசபிள் பார்பிக்யூவ அணைஞ்சிடுச்சுன்னு நினைச்சு உள்ள எடுத்து வைக்கறதும் இதே ஆபத்துதான்.

கார் இஞ்சின அரை மணி ஓட விட்டா மேல ஹரோ வாசகருக்கு சொன்ன கணக்குதான், ஏழு ஆம்பியர் வந்தா கூட மூணரை ஆம்பியர் ஹவர். டிவி ஒண்ணரை மணி நேரம். அதுக்கு எரியற டீசல், பக்கத்து கேரவன்காரங்க முறைக்கறது, எதுவும் கட்டுப்படியாகாது.

ஜெனரேட்டர் பல சைட்ல அனுமதி இல்ல, இருந்தாலும் பகல்ல சில மணி நேரம்தான், புக் பண்றப்பவே கேளுங்க. எனக்கு அது பிடிக்காது, அமைதிக்காக வயல தேடி போயிட்டு அங்க போய் தட தடன்னு. அதுக்கு பதிலா இப்ப எல்லாரும் தூக்கிட்டு வர்றாங்களே பவர் ஸ்டேஷன்னு ஒரு பெட்டி, அது உருப்படியான சாமான். 500 வாட் ஹவர்னு போட்டிருந்தா நம்ம கணக்குல 40 ஆம்பியர் ஹவர், வீட்டுல சார்ஜ் போட்டு எடுத்துட்டு போங்க, போன், லேப்டாப், பசங்க டேப்லெட் எல்லாத்தையும் அந்த பெட்டிக்கு தள்ளிட்டா கேரவன் பேட்டரி லைட்டுக்கும் பம்புக்கும் நிம்மதியா இருக்கும்.

கேள்வி: லித்தியத்துக்கு மாறிட்டா எல்லா தலைவலியும் தீருமா? மோட்டார் மூவர் (கார் இல்லாம கேரவன நகர்த்தற மோட்டார்) இருக்கு. (மில்டன் கீன்ஸ்)

பதில்: பாதி தீரும், புதுசா ரெண்டு வரும். நல்லது: 100 ஆம்பியர் ஹவர் லித்தியம்னா கிட்டத்தட்ட 100ம் உங்களுக்கு, எடை 11, 12 கிலோ, அதே அளவு லெட் ஆசிட் 25 கிலோ. ஏத்தற சாமான் எடைல கிராம் கிராமா எண்ணறவங்களுக்கு அந்த 13 கிலோ ஒரு அரிசி மூட்டை. வேகமாவும் ஏறும்.

தலைவலி ஒண்ணு, ஜீரோ டிகிரிக்கு கீழ சார்ஜ் ஏத்த கூடாது, ஏத்தினா உள்ள நிரந்தரமா கெட்டு போகும். நல்ல பேட்டரில அதுக்கு பி.எம்.எஸ்.னு உள்ளயே ஒரு காவல் சர்க்யூட் இருக்கும், வாங்கறப்ப அந்த லோ டெம்பரேச்சர் கட் ஆஃப் இருக்கான்னு பாருங்க, விலை ரொம்ப கம்மியா இருந்தா அது இல்லாம இருக்கலாம். ரெண்டாவது தலைவலி, அந்த மோட்டார் மூவர். ஈர புல்லுல, ஏத்தத்துல மூவர் இழுக்கறப்ப 100 ஆம்பியர் கூட தாண்டும், பி.எம்.எஸ். 100தான் விடும்னா நடு வழியில கட் பண்ணிடும், கேரவன் பாதி கேட்ல பாதி ரோட்ல. மூவர் மேனுவல்ல இருக்கற அதிகபட்ச ஆம்பியர பாத்துட்டு அதுக்கு மேல தாங்கற பேட்டரி வாங்குங்க. கேரவன்ல இருக்கற பழைய சார்ஜர், சோலார் கன்ட்ரோலர் ரெண்டுலயும் லித்தியம் செட்டிங் வேணும்.

தவிர லித்தியத்துல வோல்டேஜ் பாத்து எவ்ளோ மிச்சம்னு சொல்ல முடியாது, 13.2, 13.3ன்னு கடைசி வரைக்கும் அப்படியே நின்னுட்டு திடீர்னு சரியும். ஷன்ட் மானிட்டர்னு ஒண்ணு போட்டு உள்ள போறது வெளிய வர்றது எண்ணிக்கிட்டே இருக்கணும்.

வருஷத்துக்கு ரெண்டு தடவை போறவங்களுக்கு இது தேவையே இல்லைங்கறது என் அபிப்பிராயம். நல்ல லெட் ஆசிட் போதும். நேஷனல் கேரவன் கவுன்சில் லெஷர் பேட்டரிகள சோதிச்சு ஏ, பி, சின்னு பிரிச்சிருக்காங்க, ஹூக்-அப் இல்லாம போறவங்களுக்கு ஏ. அந்த முத்திரை இல்லாத பேட்டரில 120ன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா தூக்கி பாருங்க, 17 கிலோ இருந்தா ஸ்டிக்கர்தான் 120.

கேள்வி: குளிர்காலம் முழுக்க கேரவன் டிரைவ்வேல நின்னுச்சு, மார்ச்ல பாத்தா பேட்டரி 10.4. தூக்கி போட்டுடலாமா? (லீட்ஸ்)

பதில்: உடனே போடாதீங்க, ஆனா ஆசையும் வைக்காதீங்க. அலாரமும் டிராக்கரும் மெதுவா குடிச்சிருக்கும். காலியா கிடந்தா உள்ள தகட்டுல சல்ஃபேட் படிஞ்சு கெட்டியாயிடும், காலி பேட்டரி கடும் குளிர்ல உறையவும் செய்யும், ஃபுல்லா இருக்கறது இங்க அடிக்கற குளிருக்கெல்லாம் உறையாது. பக்கவாட்டுல உப்பியிருந்தாலோ வெடிப்பு இருந்தாலோ தொடாதீங்க, கவுன்சில் ரீசைக்கிளிங் சென்டர்ல குடுத்துடுங்க.

உப்பாம, வெடிப்பு இல்லாம இருந்தா வெளிய எடுத்து காத்தோட்டமான இடத்துல, சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும் அதனால பக்கத்துல நெருப்பு இல்லாம, ஸ்மார்ட் சார்ஜர்ல போடுங்க. சில சார்ஜர் இவ்ளோ கீழ இருந்தா பேட்டரியே இல்லன்னு சொல்லிடும், ரெக்கவரி மோடு இருக்கறத கடன் வாங்குங்க. ரெண்டு நாள் கழிச்சு கழட்டி 24 மணி நேரம் சும்மா வைங்க. 12.4க்கு கீழ இறங்கினா முடிஞ்சது. அதுக்கு மேல நின்னா பழைய கார் ஹெட்லைட் பல்ப், 55 வாட் உள்ளது, ஒண்ண மாட்டி எரிய விடுங்க, நாலரை ஆம்பியர் எடுக்கும். ஒரு மணி நேரத்துக்குள்ள 12க்கு கீழ போனா வோல்டேஜ் மட்டும்தான் இருக்கு உள்ள சரக்கு இல்ல. அஞ்சு மணி நேரம் எரிஞ்சு, அணைச்சு, ஒரு மணி நேரம் கழிச்சு 12.4 இருந்துச்சுன்னா இந்த வருஷம் ஓட்டலாம். பல்ப் கண்ணாடிய வெறும் கைல தொடாதீங்க, எரியறப்ப விரல் பொசுங்கிடும்.